ஏரி வாயில் எடுத்த மண்

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருப் பக்கம் வந்து டிப்பர் உத்தமன் வீடு எது என்று கேட்டால், கேட்டவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். அவ்வளவு நல்ல பெயர். கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டா ஏற்றி வர வேண்டுமா, சாமானோடு வீடு மாற வேண்டுமா, மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் ஒரு நடை இடிபாடு கொட்ட வேண்டுமா, அவன் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். சட்டையை மாட்டிக்கொண்டே லாரியைப் பார்த்து நடப்பான். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

நான் அவனுக்கு எதிர் வீடு. அவன் லாரி கிளம்புகிற சத்தத்தில்தான் எனக்குப் பல வருஷமாக விடிகிறது. அவனை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அவனை நல்லவன், நல்லவன் என்று தெருவே கொண்டாடும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். இல்லை என்று சொல்ல வராத வாய்க்கு வேறு சில வார்த்தைகளும் வராது. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மீதியை அவனே என்னிடம் சொன்னான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் சங்கராந்தி கழிந்ததும், ஊருக்குக் கிழக்கே ஓர் ஏரியை வற்றவைத்துத் தூர் வார ஆரம்பித்தார்கள். ஏரியின் பெயரைச் சொன்னால் இப்போது அதன் கரையில் ஃபிளாட் வாங்கிக் குடியிருப்பவர்கள் வருத்தப்படுவார்கள், வேண்டாம். தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே கிடந்ததைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு போனார்கள். அறுந்த செருப்பு, பிள்ளையார் சிலைகளின் இரும்புக் கூடு, யாரோ தொலைத்த ஸ்கூட்டர் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் சேறு. அந்தச் சேற்றை அள்ளிக்கொண்டு போகிற லாரிகளில் ஒன்று உத்தமனுடையது.

வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தவள் நிருபமா என்ற இளம் இன்ஜினியர். தாத்தா காலத்திலேயே சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். முதல் நாளே டிரைவர்கள் எல்லோரையும் கரையில் நிற்க வைத்து இரண்டே விஷயம் சொன்னாள். ஏரி நடுவில் எடுக்கிற வண்டலை விவசாயிகள் கேட்டால் கொடுக்கலாம். ஊருக்குள்ளிருந்து வருகிற ராஜகாலுவே, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாய், ஏரியில் வந்து விழுகிற வாயில் எடுக்கிற மண்ணை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது. கால்வாயின் மேல் பக்கம் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகைகளும் முலாம் பூசுகிற பட்டறைகளும் இருந்தன. அந்தக் கழிவெல்லாம் வருஷக்கணக்காக வாயில்தான் படிந்திருக்கிறது, சோதித்துப் பார்த்தாகிவிட்டது, அது மொத்தமும் ஊரைத் தாண்டி இருக்கிற பழைய கல் குவாரிக் குழிக்குத்தான் போக வேண்டும் என்றாள். ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் கொடுத்தாள். உத்தமன் அதைக் கொண்டுபோய் மனைவி சரசுவிடம் பாத்திரம் தேய்க்கக் கொடுத்துவிட்டான்.

ஆக, அவனுக்குச் சொல்லப்பட்டது. கேட்டான், தலையை ஆட்டினான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவின் கடைசியில் ருக்கு இருந்தாள். அவள் புருஷன் பச்சைமுத்து உத்தமனுடைய லாரியில் லோடு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன். மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அதற்குப் பிறகு ருக்கு ரயில் பாதை ஓரத்துச் சுவரை ஒட்டி ஒரு துண்டு நிலத்தை வாடகைக்குப் பிடித்துக் கீரை போட்டாள். தண்டுக்கீரை, அரைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி. காலையில் பறித்துக் கூடையில் வைத்து அல்சூர் வரைக்கும் கூவிக்கொண்டு போவாள். அந்தக் கூடையை வைத்தே மகள் வீணாவைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தாள். நிலம்தான் சரியில்லை. யாரோ வீடு இடித்துக் கொட்டிய மண், கிளறினால் செங்கல்லும் ஓட்டுத் துண்டும் வரும். உத்தமன் ஏரி வேலைக்குப் போகிறான் என்று தெரிந்ததும், ஒரு லோடு ஏரி மண் கிடைக்குமா அண்ணா என்று கேட்டாள். கேட்டால் அவன் இல்லை என்பானா?

ஏரி மண் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு மயக்கம். கலப்பையைக் கண்ணால் பார்க்காதவன்கூட ஏரி மண் விழுந்த நிலத்துக்கு வேறு எரு வேண்டாம் என்று அடித்துச் சொல்வான். அதிலும் கறுப்பு மண் என்றால் கேட்கவே வேண்டாம்.

அன்றைக்கு நடு ஏரி வண்டலுக்கு விவசாயிகளின் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. மண் அள்ளுகிற இயந்திரம் வாயில் வேலை செய்துகொண்டிருந்தது. உத்தமன் லாரியில் விழுந்தது வாய் மண். எருமைத் தோல் மாதிரி மினுமினுவென்று கறுத்திருந்தது. இவ்வளவு கறுப்பான மண்ணில் என்ன கெடுதல் இருக்கப் போகிறது, படித்த பெண், எல்லாவற்றுக்கும் பயப்படுகிறது என்று நினைத்துக்கொண்டானாம். குவாரிக் குழி தூரம். ருக்கு வேறு காலையிலிருந்து காத்திருக்கிறாள். லாரியைத் திருப்பி ரயில் பாதைப் பக்கம் விட்டுவிட்டான்.

ருக்கு அந்த மண்ணைக் கையில் அள்ளி உருட்டிப் பார்த்துச் சிரித்தாள். கூடையால் இரண்டு பேருமாக வாரிப் பரப்பினார்கள். பிறகு அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பச்சைமுத்து குடும்பத்துக்கு ஒரு நல்லது செய்த திருப்தியோடு அவன் வீட்டுக்கு வந்தான்.

கீரை வந்தது. அப்படியொரு கீரையை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. தண்டு விரல் கனம், இலை உள்ளங்கை அகலம். ருக்குவின் கூடை அல்சூர் போய்ச் சேருவதற்கு முன்பே காலியானது. எங்கள் வீட்டிலும் வாங்கினோம். நன்றாக இருந்தது, அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது.

ஏப்ரல் மாதம் ஏரிக்கரையில் ஒரு விவசாயி வாய் மண்ணைத்தான் கொடுக்க வேண்டும் என்று நிருபமாவிடம் மல்லுக்கு நின்றான். அவன் தமிழ்க்காரன். பக்கத்தில் லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உத்தமன் காதில் அவள் பதில் முழுசும் விழுந்தது.

"அந்த மண்ணுல கீரை போட்டு வாடிப் போச்சுன்னா நாம பொழைச்சோம். வாடாது. ஜோரா வரும். ஈயத்தை எல்லாம் இழுத்து இலையில வெச்சுண்டு ஜோரா வரும். அதுதான் பேஜாரு. தின்னவாளுக்கும் உடனே ஒண்ணும் தெரியாது. சின்னக் குழந்தைகளுக்குத்தான் மூளையில போய்ப் பிடிக்கும். வயித்துல இருக்கிற குழந்தைக்கும்தான்."

உத்தமன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து முதலில் செய்த காரியம், சரசுவைக் கூப்பிட்டு இனிமேல் ருக்குவிடம் கீரை வாங்காதே, எனக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னது. தெருவில் முதலில் தப்பியது அவன் வீடுதான். இதை அவன் என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு, அவன் பார்க்காததே நல்லதாகப் போயிற்று.

ருக்குவிடம் சொல்லிவிடலாம் என்று மறுநாளே போனான். அவள் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும், உங்கள் புண்ணியம் அண்ணா, இந்த வருஷம் கூரையை மாற்றிவிடுவேன் என்றாள். திரும்பி வந்துவிட்டான். அடுத்த தடவை போனபோது பக்கத்தில் ஆள் இருந்தார்கள். அதற்கடுத்த தடவை போகவே இல்லை. கீரையைப் பிடுங்கு என்றால் பிடுங்கிவிடுவாள். ஆனால் உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்குத்தான் அவன் பயந்தான். அதனால் அவன் ஒரு யோசனை செய்தான். இத்தனை வருஷத்தில் அவன் செய்த யோசனைகளிலேயே மட்டமானது அதுதான்.

ஏரி வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு போடுகிற மெஸ்ஸுக்குக் கீரை வேண்டும், தினமும் உன் கூடையை அப்படியே எனக்குக் கொடுத்துவிடு, தெருத்தெருவாக அலையாதே என்றான். அங்கே மெஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. விடிந்ததும் கூடையைச் சொந்தக் காசு கொடுத்து வாங்குவான், லாரியில் வைப்பான், குவாரிக் குழியில் வாய் மண்ணோடு சேர்த்துக் கொட்டிவிட்டு வருவான். இப்படியே வாங்கித் தீர்த்துவிட்டால் ஒருவரும் தின்னமாட்டார்கள், அவளுக்கும் நஷ்டமில்லை, மழை வந்து நாலு தடவை அடித்தால் மண்ணும் சுத்தமாகிவிடும் என்பது அவன் நினைப்பு. ருக்குவின் நினைப்பு வேறு. கையோடு கூடை போகிறது என்றதும் அவள் நிலம் முழுக்க அடர்த்தியாக விதைத்தாள்.

மே மாதம் வைசாகப் பௌர்ணமி வந்தது. புத்தர் பிறந்த நாள். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. தெருமுனையில் இருக்கிற எங்கள் பௌத்த சங்க மண்டபத்துக்கு வெள்ளையடித்து, கொடி கட்டி, காலையில் எல்லோரும் உட்கார்ந்து பஞ்சசீலம் சொல்வோம், மத்தியானம் தெரு முழுக்க ஒரே பந்தியில் சாப்பாடு. உத்தமன் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கணீரென்ற குரல். சங்கத்தில் அவன் சொல்லித்தான் மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். பொய் பேசாமல் விலகியிருப்பேன் என்கிற நாலாவது சீலம் வந்தபோது அந்தக் குரல் நின்றுவிட்டது. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்து நாங்களே சொல்லி முடித்தோம்.

அன்று காலை கூடை வாங்கப் போனவனிடம் ருக்கு, இன்றைக்கு விற்பனை இல்லை, பறித்தது முழுசும் சங்கத்துச் சாப்பாட்டுக்கு என் காணிக்கை என்று சொல்லியிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அண்டா நிறையக் கீரைக்கூட்டு கொதித்து இறங்கியது. தெருப் பிள்ளைகள் எல்லாம் முன்வரிசையில் இலை போட்டு உட்கார்ந்தாயிற்று. அண்டாவின் ஒரு காதை எங்கள் தெருப் பையன் நாகேஷும் இன்னொரு காதை உத்தமனும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசற்படிக்கு முன்னால் உத்தமன் கையை விட்டுவிட்டான். அண்டா சாய்ந்து கூட்டு மொத்தமும் மண்ணில் போயிற்று. நாகேஷ் காலில் பட்டுக் கொப்பளம். கால் தடுக்கிவிட்டது என்றான் உத்தமன். அங்கே தடுக்குவதற்கு ஒரு கல்கூட இல்லை. நான் திட்டினேன், இன்னும் பத்துப் பேர் திட்டினார்கள். விடியற்காலையிலிருந்து ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஆய்ந்த கீரை மண்ணில் கிடப்பதை ருக்கு பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவள்தான் எங்களை அடக்கினாள்.

"வுடுங்கப்பா, அவரு வேணும்னா செஞ்சாரு? அண்ணா, நீங்க மனசுல வெச்சிக்காதீங்க. இன்னொரு லோடு அதே மண்ணு கொண்டாந்து போடுங்க, பக்கத்து எடத்தையும் கேட்டிருக்கேன். அடுத்த வருஷம் ரெண்டு அண்டாவா செஞ்சிடலாம். வீணாவுக்குன்னு தனியா எடுத்து வெச்சிட்டுதான் மிச்சத்தைப் போட்டேன், அது போதும். உங்களுக்கு விக்கறதுக்கு மின்னாடியே தெனமும் ஒரு கட்டு அவளுக்கு எடுத்து வெச்சிடறேன் இல்ல. அஞ்சாவது மாசம், கீரை நெறைய தின்னணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

வீணா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி என்று அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உத்தமன் அவளைப் பார்த்தான். சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை நிலத்துக்குப் போய் ருக்குவிடம் சொன்னான். மண்ணில் விஷம் இருக்கிறது, கீரை முழுக்க அதுதான் ஏறியிருக்கிறது, வீணாவுக்கு இனிமேல் கொடுக்காதே என்றான். மெஸ் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னான். அவள் கையிலிருந்த கீரைக் கட்டைக் கீழே வைத்தாள். எப்போது தெரியும் என்று கேட்டாள். அவன் பயந்த கேள்விதான்.

"எனக்கே ஏரி இன்ஜினியர் மேடம் சொல்லித்தான் தெரிஞ்சுது, ருக்கு. கொட்டறப்போ எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளைக்கு முன்னாடிதான்…"

முந்தின நாள் பஞ்சசீலத்தில் குரல் நின்ற இடத்தில்தான் மறுபடியும் நின்றான். முக்கால் உண்மையைச் சொல்லிவிட்டுக் கால் பொய்யை வைத்துக்கொண்டான். ஆனால் அந்தக் கால் பொய்யில்தான் எல்லாம் இருந்தது.

ருக்கு அழவும் இல்லை, அவனைத் திட்டவும் இல்லை. அன்றைக்கே நிலம் முழுவதையும் வேரோடு பிடுங்கினாள். அவனும் லாரியைக் கொண்டுவந்து, இரண்டு பேருமாக அந்த மண்ணைச் சுரண்டி எடுத்து ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் என்னால் இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெறும் கையோடு, கீரை விற்ற வீடு ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டினாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். நான் போட்ட கீரை கெட்ட மண்ணில் வளர்ந்தது, மிச்சம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் தின்றிருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றாள். அல்சூரில் ஒரு வீட்டில் அவள் மேல் தண்ணீரை ஊற்றினார்களாம். மண் எங்கிருந்து வந்தது என்று பல பேர் கேட்டார்கள். ஓர் இடத்தில்கூட அவள் உத்தமன் பெயரைச் சொல்லவில்லை. தெரு அவளைத்தான் கரித்துக்கொட்டியது. உத்தமன் அதையும் தன் வீட்டு ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

நிருபமாவிடம் போய் நின்றதுதான் அவன் அந்த நாட்களில் செய்த ஒரே உருப்படியான காரியம். நடந்ததை அவளிடம் முழுசும் சொன்னான். அவள் திட்டாமல், ரத்தத்தில் ஈயம் பார்க்கிற ஆஸ்பத்திரி எது, யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். தெருப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போனார்கள். முடிவு வந்தபோது பிள்ளைகளுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. உத்தமன் கூடையை வாங்கிக் கொட்டியதில் அந்த அளவுக்கு ஒரு பிரயோஜனம் இருந்திருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீணா ரத்தத்தில் மட்டும் இருக்க வேண்டியதைவிட அதிகம் இருந்தது.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா நல்ல மாதிரி. குழந்தைக்கு என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது, பிறக்கட்டும், வளரட்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். பிறகு இது எப்படி வந்தது என்று கேட்டார். வீட்டில் யாராவது பேட்டரி வேலை செய்கிறார்களா, பெயின்ட் வேலையா? வீணா தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

ருக்குதான் பதில் சொன்னாள். "நான்தாம்மா. நான் போட்ட கீரை. மண்ணை நான்தான் கேட்டு வாங்கினேன். இவரு கொண்டாந்து குடுத்தாரு, அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் பெத்த பொண்ணுக்கு நானே ஊட்டி ஊட்டிக் குடுத்தேன்."

டாக்டர் தலையை அசைத்து, இனிமேலாவது ஜாக்கிரதையாக இரு என்று ருக்குவிடம் சொன்னார். ருக்கு கையைக் கூப்பினாள். உத்தமன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

"தெரியும் மேடம்," என்றான். "கொட்டறதுக்கு மின்னாடியே எனக்குச் சொல்லியிருந்தாங்க. தெரிஞ்சேதான் கொட்டினேன்."

வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகுதான் ருக்கு அவன் பக்கம் திரும்பினாள். அவள் சத்தம் போடுவாள், அறைவாள், எதற்கும் அவன் தயாராக இருந்தானாம். அவள் கேட்டது வேறு.

"உங்க வூட்ல அந்தக் கீரையைச் சமைச்சாங்களா?"

"மொதல்ல சமைச்சாங்க."

"தெரிஞ்சப்புறம்?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். ருக்கு வீணாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். அவன் அமர்த்தி வந்திருந்த ஆட்டோ வாசலிலேயே நின்றது.

அன்று சாயங்காலம் சங்க மண்டபத்தில் ஆட்களைக் கூட்டி அவனே எல்லாவற்றையும் சொன்னான். தெரு கொஞ்ச நாள் அவனோடு பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தது. லாரி வைத்திருப்பவனோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? நாகேஷ்கூட மன்னித்துவிட்டான். ருக்கு கீரைத் தொழிலை விட்டுவிட்டு பிரேசர் டவுனில் இரண்டு வீடுகளில் சமையல் வேலைக்குப் போகிறாள். தெருவில் எதிரே பார்த்தால் உத்தமனோடு இரண்டு வார்த்தை பேசத்தான் செய்கிறாள். அண்ணா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

வீணாவுக்குப் பெண் பிறந்தது. ஷில்பா என்று பெயர் வைத்தார்கள். எடை சரி, நிறம் சரி, கை கால் எல்லாம் சரி. இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஓடுகிறாள், வாயாடுகிறாள், கன்னடத்தில் பாட்டுச் சொல்கிறாள். போன மாதம் சங்கத்துப் பந்தியில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது வீணா மகளைப் பற்றிக் குறை சொன்னாள். எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் ஏழாம் வாய்ப்பாடு மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது, டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள் என்றாள். ஏழாம் வாய்ப்பாடு எங்களில் யாருக்குத்தான் ஏறியது? எல்லோரும் சிரித்தோம், ஷில்பாவும் சிரித்தாள்.

உத்தமன் பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். நான் ருக்குவைப் பார்த்தேன். அவளும் சிரிக்கவில்லை.